பஸ்ஸுக்கு நான் சொன்ன ரைட்

மூட்டுவலி எண்ணெய் வாசத்தோடு என் பக்கத்தில் வந்து குந்துகிற கூட்டாளிகளே, இந்தக் கதையை நீங்கள் என் வாயால் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள். கண்டக்டர் மாதிரி நான் பேசிக் காட்டும்போது வெற்றிலைச் சாறு புரையேறச் சிரித்துமிருக்கிறீர்கள். ஆனால் ஒரு இடத்தை நான் எப்போதும் விழுங்கிவிட்டுத்தான் சொல்வேன். இன்றைக்கு அதையும் சேர்த்துச் சொல்கிறேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரியுங்கள். மற்ற இடத்தில் சும்மா மென்றுகொண்டிருங்கள்.

என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இங்கிலீசில் எனக்கு முழுதாகத் தெரிந்தது ஒரே ஒரு சொல். அது ரைட். ஒரு சொல்தானே என்று நினைக்காதீர்கள். அதற்குள் ஐந்தாறு சொல் குடியிருந்தது, நம்முடைய லயத்துக் காம்பராவில் ஒரு கதவுக்குள் எட்டுப் பேர் குடியிருந்த மாதிரி.

முதலில் அது ஒரு படம். மாத்தளை டவுனுக்கு மேலே, தேயிலையும் கொக்கோவும் கலந்து கிடந்த எங்கள் தோட்டத்தில் ஒரு பள்ளிக்கூடம், அதற்கு ஒரு வாத்தியார், அவர் காதில் ஒரு சிவப்புப் பென்சில். கணக்குச் சரியென்றால் கொப்பியில் கொக்கு பறக்கிற மாதிரி ஒரு கோடு இழுப்பார். அதுதான் ரைட். என் கொப்பியில் கொக்குகள் அதிகம் இறங்கவில்லை. இறங்கிய இரண்டு மூன்றில் ஒன்று நானே சிவப்பு மையில் போட்டுக்கொண்டது.

அடுத்தது டிஸ்பென்சரியில். ஊசி போட வந்த மருந்துக்கார ஐயா "ரைட் கைய நீட்டு" என்றார். கொப்பியைத்தான் கேட்கிறார் என்று விழித்தேன். முதுகில் ஒன்று வைத்து, சோறு தின்னுகிற கையைப் பிடித்து இழுத்தார். ஓகோ, ரைட் என்றால் இந்தக் கை.

கணக்கப்பிள்ளையிடம் அது வேறு மாதிரி. காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டில், கூரை ஒழுகுது என்று யாராவது வாயைத் திறந்தால் "ரைட், ரைட்" என்பார், கையால் காற்றைத் தள்ளிக்கொண்டு. அந்த ரைட்டுக்குப் பிறகு எந்தக் கூரையும் ஒழுகாமல் நின்றதில்லை. ஆக, இரண்டு தடவை சேர்த்துச் சொன்னால் ஒன்றும் நடக்காது என்று அர்த்தம்.

இன்னொரு நாள் யூனியன் கூட்டத்துக்குப் போய் வந்த அப்பா, இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, நமக்கு இந்த நாட்டில் ஒரு ரைட்டும் இல்லையாம் என்று அம்மாவிடம் சொன்னார். நான் மெதுவாக நகர்ந்து போய் அவருடைய வலது கையை எட்டிப் பார்த்தேன். இருந்தது. விரல் ஐந்தும் இருந்தது. பிறகு ஏன் அம்மா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கப் பல வருஷம் எடுத்தது.

இவ்வளவு ரைட்டிலும் ராஜா ரைட் பஸ்ஸில்தான் இருந்தது. டவுனிலிருந்து காலையில் ஒரு சிவப்பு பஸ் ஏறி வந்து, தோட்டத்து ஆபீசுக்கு முன்னால் திரும்பி நிற்கும். டீசலும் பழைய றப்பரும் யாரோ வாந்தியெடுத்ததும் கலந்த ஒரு வாசம். டிரைவர் திரும்பியே பார்க்க மாட்டார். பின்வாசல் மிதிபலகையில் நிற்கிற கண்டக்டர் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி "ரைட்" என்றால் பஸ் போகும். சொல்லாவிட்டால் நாள் முழுக்க நிற்கும். நாங்கள் சொல்லி எதுவும் அசைந்து பார்த்ததில்லை, கூட்டாளிகளே. கணக்கப்பிள்ளை அசைய மாட்டார், கூப்பன்கடை வரிசை அசையாது. அந்த ஒரு சொல் மட்டும் அத்தனை பெரிய இரும்பை அசைத்தது.

கண்டக்டர் சிங்களவர். காக்கிச் சட்டை, வெற்றிலை வாய், உடைந்த தமிழ். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நாங்கள் பஸ்ஸைச் சுற்றி மொய்ப்போம். அவர் எங்களுக்கு முறை வைத்திருந்தார். ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை மிதிபலகையில் ஏறி, தகரத்தைத் தட்டி, ரைட் சொல்லிவிட்டுக் குதிக்கலாம். என்னை அவர் "சின்ன நோனா" என்பார், குட்டித் துரைசாணி என்கிற மாதிரி. வரிசையில் பிள்ளைகள் அதிகம், என் முறை வர வாரக்கணக்கில் ஆகும். வீட்டில் நான் கதவைத் தட்டி ரைட் சொல்லிப் பழகிப் பழகி, அம்மாவிடம் அகப்பைக் காம்பால் வாங்கியதுதான் மிச்சம்.

அது பஞ்ச வருஷம். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாண் ரொட்டிக்கு வரிசை, மாவு இல்லை, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. அந்த வருஷம்தான், இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, லயத்தில் பாதிப் பேருக்கு இந்தியாவுக்குப் போகப் பாஸ்போட் வந்தது. பக்கத்துக் காம்பராவில் இருந்த சின்னம்மா வீட்டுக்கும் வந்தது. சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கை. தாய் தகப்பனைப் புதைத்த மலையை விட்டுவிட்டு, பார்த்தேயிராத ஊருக்குப் போகிறாளே என்று அம்மாவுக்குக் கோபம். நம்மைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறாளே என்பதுதான் உள்ளே இருந்த கோபம். அதைச் சொல்லாமல் பேச்சையே நிறுத்திவிட்டாள். ஏழு மாதம்.

லயத்தில் பேசாமல் இருப்பது லேசான காரியமா? ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள், நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அந்தப் பக்கம் கொட்டாவி விட்டால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் அக்காவும் தங்கையும் எங்களை வைத்துப் பேசினார்கள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சின்னம்மாவின் மகள், எனக்குத் தங்கச்சி, ஏழு வயது.

"ஏ புள்ள, அந்தப் பக்கம் சொல்லு, அவங்க அடுப்புப் பொக பூரா நம்ம கண்ணுலதான் வருதுன்னு."

நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பதில் சுவருக்கு மேலால் வரும், மகளுக்குச் சொல்வது போல.

"இன்னும் கொஞ்ச நாளுதான், நம்ம போறப்ப பொகையையும் மூட்ட கட்டி எடுத்துக்கிட்டுப் போயிருவோம்னு சொல்லு."

நாங்கள் இரண்டு பேரும் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வோம். நான் கொஞ்சம் மசாலாவும் சேர்ப்பேன். உப்பு இருக்கா கேளு என்று அம்மா சொன்னால், உப்புக் குடுக்காட்டி எங்கம்மாவுக்கு இன்னைக்குச் சோறே எறங்காதாம் என்பேன். சுவருக்கு அப்பால் சின்னம்மா சிரிப்பை அடக்குவது கேட்கும். இந்தப் பக்கம் அம்மாவும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருப்பாள். இவர்கள் சிரித்துச் சேர்ந்துவிடுவார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அதற்குள் போகும் நாள் வந்துவிட்டது.

இந்தியாவுக்குப் போகிறவர்களை வழியனுப்ப ஒரு முறை இருந்தது. லயமே பஸ்ஸடியில் கூடும். போகிறவர்கள் ஒவ்வொருவர் கழுத்தையும் கட்டிக்கொண்டு அழ வேண்டும். கட்டிப்பிடிக்காத ஒரு ஆள் மிச்சம் இருந்தாலும் பஸ் கிளம்பாது. டிரைவருக்கும் இது பழகிப்போனது. எஞ்சினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்துக்கொள்வார். இன்னும் ஆள் வர இருக்கு என்று ஒருத்தர் சொன்னால் போதும், கண்டக்டர் காத்திருப்பார். ஸ்டேஷனில் கோச்சியைப் பிடிக்க வேண்டும்தான், ஆனாலும் காத்திருப்பார்.

அன்றைக்குக் காலையில் அம்மா வழக்கம் போலக் கொழுந்து பறிக்க மலைக்குக் கிளம்பினாள். லயத்துச் சனம் எல்லாம் பார்த்தது. என்ன நெஞ்சழுத்தம் என்று பேசிக்கொண்டது. ஆனால் போகிற வழியில் தண்ணீர் பீலிக்குப் பக்கத்தில், சுவர் எதுவும் இல்லாத இடத்தில், என்னை நிறுத்தினாள்.

"கொழுந்த நிறுத்துக் குடுத்ததும் ஓடியாந்துர்றேன். அதுவரைக்கும் பஸ்ஸ விட்றாத. கண்டக்டருகிட்ட சொல்லு, எங்கம்மா வர்றாங்கன்னு. இத மட்டும் ஒழுங்காச் செஞ்சிரு."

மடியில் ஒரு பொட்டலம் வைத்திருந்தாள். தேயிலைத் தூள். போகிற ஊரில் தேத்தண்ணி எப்படியிருக்குமோ, இவளுக்கு அது இல்லாவிட்டால் தலையிடிக்குமே என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்குத்தானே சொன்னாளா தெரியாது. நான் மண்டையை ஆட்டினேன். என் மண்டைக்குள் வேறு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு என் முறை.

பஸ்ஸடியில் ஒரே ஒப்பாரி. டிரங்குப் பெட்டி, பாய்ச்சுருள், அம்மிக்குழவி, எல்லாம் ஏற்றியாகிவிட்டது. தங்கச்சிக்குப் புதுக் கவுன். கட்டிப்பிடித்து அழுது முடித்து, ஆட்கள் மூக்கைச் சிந்துகிற நேரம். சின்னம்மா கடைசியாக ஏறி, பின்வாசலுக்குப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தாள். கண் மட்டும் மலைப் பாதையில் இருந்தது.

நான் கண்டக்டரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இன்றைக்கு விளையாட்டு வேண்டாம் என்று முதலில் தலையாட்டினார். என் முறை, என் முறை என்று நச்சரித்தேன். கடைசியில் தூக்கி மிதிபலகையில் விட்டார்.

அங்கே ஏறி நின்றதும், கீழே நின்றவர்களுக்கும் சின்னம்மாவின் ஜன்னலுக்கும் மறைந்திருந்த மலைச் சரிவு எனக்கு நன்றாகத் தெரிந்தது. தேயிலைச் செடிகளுக்கு நடுவில், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குத் தடதடக்க ஒரு பொம்பளை குறுக்கே இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தாள். அம்மா. நம்முடைய தாயை எவ்வளவு தூரத்திலும் தெரியாதா?

இதுதான் நான் விழுங்குகிற இடம். உங்களிடம் இதுவரைக்கும், நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், அம்மா வருவதைக் காணவில்லை என்றுதான் சொல்லி வந்தேன். கண்டேன். கண்டதும் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? அம்மா வந்தால் முதலில் என்னை இறக்கிவிடுவாள். பிறகு இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவார்கள், நேரம் போகும், கண்டக்டரே அவசரத்தில் ரைட் சொல்லிவிடுவார். என் முறை போய்விடும். இன்னும் எத்தனையோ வாரம்.

கண்டக்டர் குனிந்து என்னிடம் கேட்டார். "இன்னும் ஆள் வர இருக்கா, நோனா?"

"இல்ல, யாரும் வரல" என்றேன். தகரத்தில் இரண்டு தட்டு. "ரைட்."

எஞ்சின் உறுமியது. குதித்தேன். அத்தனை பெரிய இரும்பு என் சொல்லுக்கு அசைந்தது. ஒரு நிமிஷம், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அம்மா ரோட்டுக்கு வந்தபோது பஸ் வளைவில் திரும்பிவிட்டது. பொட்டலம் கையில் இருந்தது. மூச்சு வாங்க என்னைப் பார்த்தாள். "சொன்னேனே புள்ள" என்றாள். அவ்வளவுதான். நான் உடனே, நான் சொன்னேன்ம்மா, கண்டக்டர்தான் கேட்கல என்றேன். ஒன்பது வயதில் அது எவ்வளவு வழுக்கிக்கொண்டு வந்தது என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

மறுநாள் அம்மா பஸ்ஸடிக்குப் போய் கண்டக்டரைக் கிழித்தாள். உன் தாய் வந்தா ஒரு அஞ்சு நிமிஷம் நிப்பாட்ட மாட்டியா, நாங்க என்ன ஆடா மாடா என்று கேட்டாள். நான் அவள் சேலைக்குப் பின்னால் நின்றேன். கண்டக்டருக்குத் தமிழ் விளங்கும். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "என் பிழைதான் அக்கா, நான் பார்க்க இல்ல" என்றார்.

அடுத்த தடவை என் முறை வந்த நாளில், ஒன்றும் நடக்காத மாதிரி, வா நோனா, இன்னைக்கு நீதான் என்று கூப்பிட்டார். நான் லயத்துக்கு ஓடிவிட்டேன். அதற்குப் பிறகு பஸ்ஸடிக்குப் போவதையே விட்டேன். அவருக்கு வேறு பாதைக்கு மாற்றம் வந்தபோதுகூட நான் போகவில்லை. சில வருஷம் கழித்து, கலவரத்தில் டவுனில் தமிழ்க் கடைகள் எரிந்து, நாமெல்லாம் தேயிலைக்குள் ஒளிந்து கிடந்த நாட்களில் அம்மா சொல்வாள், அன்றைக்கே அந்தக் கண்டக்டர் நம்மை மனுசராக மதிக்கவில்லை, அப்போதே விளங்கியிருக்க வேண்டும் என்று. எல்லோரும் ஆமாம் போடுவார்கள். நான் காலில் ஒட்டிய அட்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். அந்த மனுசன் ஒருத்தரையாவது அந்தக் கணக்கிலிருந்து நான் கழித்துவிட்டிருக்கலாம்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு காலம் விழுங்கியிருக்க மாட்டேன். நாலைந்து மாதத்தில் சின்னம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நீலக் காகிதம், யாரிடமோ சொல்லி எழுதியது. நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலையாம். வீட்டில் வாசிக்கத் தெரிந்தது நான் மட்டும். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள்.

குளிர், கூலி, தங்கச்சிக்குக் காய்ச்சல், எல்லாம் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தேன். பிறகு இப்படி இருந்தது: அக்கா, நீ வருவாய் என்று கடைசி வரைக்கும் பார்த்தேன். யாரும் வரவில்லை, பஸ்ஸை எடு என்று உன் மகளே சொன்னாள். நீ சொல்லிக் கொடுக்காமல் சின்னப் பிள்ளைக்கு அது வராது. என்னை அனுப்பிவிட உனக்கு அவ்வளவு அவசரமா?

நான் நின்றுவிட்டேன். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள் நடுவில் நின்றால் யாருக்கும் சந்தேகம் வராது. அம்மா பொறுமையாக இருந்தாள். நான் அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டே வேறு வாசித்தேன். "அக்கா, பஸ் வளைவுல திரும்புறப்ப நீ ஓடி வந்தத நான் பார்த்தேன். அதுவே எனக்குப் போதும்."

அம்மா சத்தமில்லாமல் அழுதாள். இன்னொரு தடவை வாசி என்றாள். வாசித்தேன். அன்றைக்கு மட்டுமல்ல, மாதத்துக்கு ஒரு தடவை, கடிதம் மடிப்பில் கிழிந்து நாலு துண்டாகும் வரைக்கும் வாசித்தேன். இல்லாத வரியை ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி வாசிக்க வேண்டும், அது எவ்வளவு வேலை தெரியுமா?

அம்மா சொல்லச் சொல்ல இரண்டு பதில் எழுதினேன். சுகம், மழை, மாடு கன்று போட்டது. ஓடி வந்ததைப் பற்றி அம்மா ஒரு சொல்லும் எழுதச் சொல்லவில்லை. தங்கைதான் கண்ணால் பார்த்துவிட்டாளே, பிறகு எதற்கு? அங்கே சின்னம்மா அந்தப் பதில்களை யாரையாவது வாசிக்கச் சொல்லி, தான் கேட்டதற்குப் பதில் வருகிறதா என்று காத்திருந்திருப்பாள். வரவில்லை. அதற்குப் பிறகு அவளும் எழுதவில்லை. அம்மாவுக்கு நான் கொடுத்த ஆறுதல்தான் சின்னம்மாவுக்கு நான் போட்ட பூட்டு. அம்மா சாகும்போதும் அந்த வரியைப் பாடமாகச் சொன்னாள். என் தங்கச்சி பார்த்தா என்றாள். நான் ஆமாம்மா என்றேன்.

யுத்தம் முடிந்த வருஷம், நம் தோட்டத்து ஆள் ஒருத்தர் இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போய், தேடிப் பிடித்து, போன் நம்பரோடு வந்தார். தங்கச்சிதான் எடுத்தாள். குரலில் ஒரு அடையாளமும் இல்லை. சின்னம்மா இருக்கிறார், காது கேட்கும், அம்மா செத்த செய்தி தெரியும் என்றாள். போனைச் சின்னம்மாவிடம் கொடுத்தாள். நான் சுகம் விசாரிக்கவில்லை. விசாரித்தால் வழக்கம் போல ஏதாவது பகிடி வந்துவிடும் என்று பயம். நேராகச் சொன்னேன்.

"சின்னம்மா, அம்மா ஓடியாந்தாங்க. நான் பார்த்தேன். பார்த்துக்கிட்டுதான் யாரும் வரலன்னு சொன்னேன். எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"கூடையோட வந்தாளா, கூடைய வச்சிட்டு வந்தாளா?"

உங்களுக்கு இந்தக் கேள்வி விளங்கும். கொழுந்தை நிறுத்துக் கொடுத்த பிறகு வந்திருந்தால் அது ஓய்வு நேரத்தில் வந்தது. நிறுக்கிறதுக்கு முன்னால், பறித்த கொழுந்தோடு கூடையை மலையில் போட்டுவிட்டு வந்தால் அன்றைய நாள் கூலியே இல்லை. அந்தப் பஞ்சத்தில் ஒருத்தி அப்படி வருவாளா? எனக்கு அதுவரைக்கும் அதை யோசிக்கத் தோன்றவில்லை. கண்ணை மூடிப் பார்த்தேன். படங்கு தெரிந்தது. முதுகு வெறும் முதுகு. நிறுவைக்கு ஊதும் சங்கு அன்றைக்கு, பஸ் போன பிறகுதான் ஊதியது. மறுநாள் பிரட்டில் கங்காணி அம்மாவுக்கு வேலை இல்லையென்று திருப்பி அனுப்பியதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏனென்று அம்மா எங்களிடம் சொல்லவேயில்லை.

"கூடை இல்ல சின்னம்மா. மலையிலேயே போட்டுட்டு வந்தாங்க."

போன் கட்டாகிவிட்டது. அவ்வளவுதான் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு அங்கேயிருந்து போன் வந்தது. சின்னம்மா என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை, திட்டவுமில்லை. "அவ ஓடியாந்தத முதல்லருந்து சொல்லு" என்றார். சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறும். எந்தச் செடி நிரை வழியாக இறங்கினாள், எங்கே சறுக்கினாள், தலைத்துணி என்ன நிறம். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். எதைச் சொன்னாலும் மசாலா போடுகிற வாய் இது, கூட்டாளிகளே. இதில் மட்டும் ஒரு கல் உப்பும் போடவில்லை.

ஒரு ஞாயிறு, சொல்லி முடித்த பிறகு சின்னம்மா ஒன்று கேட்டார்.

"என்னயப் பேரு சொல்லிக் கூப்புட்டாளா?"

ஆமாம் என்ற ஒரு சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அம்மாவுக்கு ஒன்று செய்து கொடுத்த நாக்குதானே. இவருக்கும் ஒன்று செய்து கொடுக்க எவ்வளவு நேரமாகும்?

"தெரியாது சின்னம்மா" என்றேன். "பஸ் சத்தத்துல எனக்குக் கேக்கல."

சின்னம்மா போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.